சென்னையில் ஃபிளாட் வாங்கப் போகிறீர்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

வீடு பிடித்துவிட்டது. ஹாலில் நல்ல வெளிச்சம். பள்ளிக்கூடம் பக்கத்திலேயே இருக்கிறது, பேருந்து நிறுத்தம் நடக்கும் தூரம்தான். கூட வந்த தரகர் மெதுவாகச் சொல்கிறார்: “இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்காங்க சார், இன்னிக்கே ஒரு டோக்கன் போட்டுடுங்க.” சென்னையில் ஃபிளாட் தேடும் பெரும்பாலோர் இந்தப் பேச்சை ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள்.

தயவுசெய்து அன்றைக்கே பணம் கொடுக்காதீர்கள். பணம் உங்கள் கையில் இருக்கும்வரை, கேட்ட காகிதத்தை விற்பவர் எடுத்துக் காட்டுவார். அவர் கைக்குப் போய்விட்டால், காகிதத்துக்காக நீங்கள் அவர் பின்னால் அலைய வேண்டியிருக்கும். அதனால் சரிபார்க்க வேண்டிய எல்லாவற்றையும் அட்வான்ஸுக்கு முன்பே சரிபார்த்துவிட வேண்டும். எதைப் பார்ப்பது, எங்கே பார்ப்பது, பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஃபிளாட் வாங்கும்போது எதை வாங்குகிறோம்?

மூன்றை வாங்குகிறீர்கள். ஒன்று, கட்டடம் நிற்கும் நிலத்தில் ஒரு பங்கு. இரண்டு, நான்கு சுவருக்குள் இருக்கும் உங்கள் வீடு. மூன்று, படிக்கட்டு, லிஃப்ட், மொட்டை மாடி, கிணறு போன்ற பொது இடங்களில் மற்றவர்களோடு சேர்ந்த உரிமை.

கட்டடத்துக்கு வயதாகும், அதன் மதிப்பும் குறையும். நிலத்தின் மதிப்பு பெரும்பாலும் ஏறும். ஆனால் ஃபிளாட் பார்க்கப் போகிறவர்கள் டைல்ஸையும் சமையலறையையும் பார்க்கும் அளவுக்கு நிலப் பங்கைப் பார்ப்பதில்லை. ஆகவே அதிலிருந்தே தொடங்குவோம்.

யூ.டி.எஸ். என்பது என்ன?

பிரிக்கப்படாத நிலப் பங்கு (மொத்த மனையில் உங்கள் பெயருக்கு எழுதப்படும் சதுர அடி) என்பதைத்தான் யூ.டி.எஸ். என்கிறார்கள். ‘பிரிக்கப்படாத’ என்பதால் இந்த மூலை உங்களுடையது, அந்த மூலை அவருடையது என்று கோடு போட முடியாது. ஆனால் அளவு எவ்வளவு என்பது பத்திரத்தில் இருக்கும்.

கணக்கு எளிது. மனை 4 கிரவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, ஆக மொத்தம் 9,600. அதில் தலா 1,200 சதுர அடியில் 16 வீடுகள். எல்லா வீடும் ஒரே அளவு என்பதால் 9,600-ஐ 16 ஆல் வகுக்க வேண்டும். ஒரு வீட்டுக்கு 600 சதுர அடி வரும்.

விற்பவர் காட்டும் பத்திரத்தில் 600-க்குப் பதில் 450 என்று இருந்தால் என்ன அர்த்தம்? மீதி நிலம் யாரோ ஒருவர் கையில் இருக்கிறது. பில்டர் தன் பெயரிலேயே நிறுத்தி வைத்திருக்கலாம். அனுமதி இல்லாத ஒரு மாடிக்கு எழுதிக் கொடுத்திருக்கலாம். எது என்று தெரியாமல் மேற்கொண்டு போகாதீர்கள்.

இதனால் உங்களுக்கு என்ன நஷ்டம்? 25, 30 ஆண்டு ஆன கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும்போது, புதுக் கட்டடத்தில் யாருக்கு எத்தனை சதுர அடி என்ற பேச்சு இந்தப் பங்கை வைத்துத்தான் தொடங்கும். பழைய ஃபிளாட் வாங்குகிறவர்கள் டைல்ஸை மறந்துவிட்டு இந்த எண்ணைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

விற்பவருக்கு விற்கும் உரிமை இருக்கிறதா?

இதற்கு இரண்டு காகிதங்கள் வேண்டும். முதலாவது தாய்ப்பத்திரம் (இந்த நிலம் முன்பு யார் யார் கை மாறி வந்தது என்று காட்டும் பழைய பத்திரங்கள்). நிலத்துக்குச் சொந்தக்காரராக முன்பு இருந்தவரில் தொடங்கி இப்போது விற்பவர் வரை சங்கிலி அறுபடாமல் வர வேண்டும். நகல் போதாது, அசலைப் பாருங்கள். அசல் வங்கியில் இருந்தால், அதற்கு வங்கி கொடுத்த கடிதத்தைக் கேளுங்கள். “தொலைந்துவிட்டது” என்றால் போலீஸ் புகாரும் பத்திரிகை விளம்பரமும் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது வில்லங்கச் சான்று (அந்தச் சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம், தானம், பாகப்பிரிவினை எல்லாவற்றின் பட்டியல்). தமிழ்நாடு பதிவுத்துறையின் இணையதளத்தில் இதை நீங்களே பார்க்கலாம், பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. பெரும்பாலான அலுவலகங்களின் விவரம் 1975-லிருந்து கணினியில் இருக்கிறது. குறைந்தது 30 ஆண்டுக்குப் போட்டுப் பாருங்கள்.

வில்லங்கச் சான்றை எப்படிப் படிப்பது?

ஒவ்வொரு பதிவிலும் பத்திர எண், ஆண்டு, எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர், என்ன வகை ஆவணம் என்பவை இருக்கும். வகை என்ற இடத்தை மட்டும் மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வாருங்கள். உரிமைப் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கியதாக ஒரு பதிவு இருந்தால், பிற்பாடு அதை அடைத்ததற்கு ரசீது ஆவணம் என்ற பதிவும் இருக்க வேண்டும். அது இல்லையென்றால், கடன் இன்னும் நிற்கிறது அல்லது கட்டி முடித்தும் அதைப் பதிவு செய்யாமல் விட்டிருக்கிறார்கள். எதுவானாலும் விற்பவர் அதைத் தீர்த்துக் கொடுத்த பிறகே மேலே பேச வேண்டும்.

இன்னொரு நுணுக்கம். சார்பதிவாளர் அலுவலகங்களின் எல்லை அவ்வப்போது மாறியிருக்கிறது. இன்று ஒரு அலுவலகத்தில் இருக்கும் தெரு, 20 ஆண்டுக்கு முன் வேறொன்றில் இருந்திருக்கலாம். பழைய பத்திரத்தின் முத்திரையில் எந்த அலுவலகத்தின் பெயர் இருக்கிறதோ, அங்கேயும் தேடுங்கள். புது அலுவலகத்தில் மட்டும் தேடிவிட்டு ‘வில்லங்கம் இல்லை’ என்று நிம்மதி அடைந்துவிடக் கூடாது.

வில்லங்கம் இல்லை என்று வந்தால் கவலை தீர்ந்ததா?

தீரவில்லை. பதிவான விஷயம் மட்டும்தான் அதில் வரும். பதிவு செய்யாத உயில், வாய்மொழியாகப் பிரித்துக்கொண்ட குடும்பச் சொத்து, பதிவு செய்யாத விற்பனை ஒப்பந்தம், நடந்துகொண்டிருக்கும் வழக்கு ஆகியவை பெரும்பாலும் அதில் தெரியாது.

முக்கியமாக வாரிசுகளைப் பாருங்கள். உரிமையாளர் இறந்து பிள்ளைகள் விற்கிறார்கள் என்றால் வாரிசுச் சான்றில் உள்ள அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது விடுதலைப் பத்திரம் (என் பங்கை விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதிப் பதிவு செய்வது) தந்திருக்க வேண்டும். “அக்காவுக்குக் கல்யாணத்திலேயே எல்லாம் செஞ்சாச்சு” என்று சொல்வார்கள். சட்டம் அதை ஏற்காது. இந்துக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் செய்தது. 2005-ல் நாடு முழுவதற்கும் அது வந்தது. அக்காவின் கையெழுத்து இல்லாமல் வாங்கினால், நாளை வழக்கில் உங்கள் பெயரும் சேர்க்கப்படும்.

வாரிசுகளில் 18 வயது நிரம்பாத பிள்ளை இருந்தால், அந்தப் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி தேவைப்படும். இந்த இடத்தில் வழக்கறிஞரைக் கேட்காமல் நகராதீர்கள்.

‘பவர்’ வைத்திருப்பவர் விற்கலாமா?

பொது அதிகாரப் பத்திரம் (எனக்காக நீ விற்கலாம் என்று உரிமையாளர் எழுதிக் கொடுப்பது) வைத்திருப்பவர் உரிமையாளரின் சார்பில் கிரயம் எழுதித் தரலாம். ஆனால் பவர் பத்திரமே கிரயப் பத்திரம் ஆகிவிடாது. பவரை மட்டும் வாங்கிக்கொண்டு சொத்து தன்னுடையது என்று சொல்ல முடியாது என 2011-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஆகவே பவர் பதிவு செய்யப்பட்டதா, ரத்தாகவில்லையா, எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்ற மூன்றையும் பாருங்கள். எழுதிக் கொடுத்தவர் இறந்துவிட்டால் பவர் பொதுவாகச் செல்லாது. முடிந்தால் உரிமையாளரிடமே ஒரு வார்த்தை பேசுங்கள். வெளிநாட்டில் இருந்தாலும் வீடியோ அழைப்பில் பேசலாம்.

நிலம் எந்த வகை?

கிரயப் பத்திரம் சரியாக இருந்தும் நிலம் புறம்போக்காகவோ கோயில் நிலமாகவோ வக்ஃபு நிலமாகவோ இருந்துவிட்டால் எல்லாம் வீண். வருவாய்த் துறையின் பதிவேட்டில் இதைப் பார்க்கலாம். பட்டாவும் நகர நில அளவைப் பதிவேட்டின் நகலும் தமிழ்நாடு அரசின் இணையச் சேவையில் கிடைக்கின்றன. பத்திரத்தில் உள்ள சர்வே எண்ணும் அளவும் பதிவேட்டில் உள்ளதோடு பொருந்த வேண்டும். பத்திரத்தில் 9,600 என்றும் பதிவேட்டில் 9,100 என்றும் இருந்தால், உங்கள் பங்கும் அதற்கேற்பக் குறையும்.

கட்டடம் அனுமதியோடு கட்டியதா?

சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது உள்ளாட்சி அமைப்பு ஒப்புதல் தந்த வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நின்று கட்டடத்தை எண்ணுங்கள். வரைபடத்தில் வண்டி நிறுத்தும் தரைத்தளமும் அதற்கு மேல் மூன்று மாடியும் இருக்கும், எதிரே நிற்பது நான்கு மாடியாக இருக்கும். அல்லது மாடிக்கு இரண்டு வீடு என்று அனுமதி வாங்கி மூன்றாகப் பிரித்திருப்பார்கள். தரைத்தளத்தில் வாட்ச்மேன் அறை என்று காட்டிய இடம் ஒற்றைப் படுக்கையறை வீடாக மாறியிருக்கும்.

நீங்கள் வாங்குவது அந்தக் கூடுதல் மாடியில் என்றால், உங்கள் வீடே சட்டத்தின் கண்ணில் இல்லை. சீல் வைக்கலாம், இடிக்கச் சொல்லலாம். அனுமதிக்கப்பட்ட மாடியில்தான் வாங்குகிறீர்கள் என்றாலும் சிக்கல் உண்டு. மீறல் இருக்கும் கட்டடம் முழுவதற்கும் நோட்டீஸ் வரும், விற்கும்போது வங்கியும் தயங்கும்.

அடுத்து, பணி நிறைவுச் சான்று (அனுமதித்தபடியே கட்டியிருக்கிறார்கள் என்று அதிகாரிகள் பார்த்துத் தருவது). சிறிய வீடுகளுக்கு விலக்கு உண்டு, பெரிய அடுக்குமாடிக்குக் கட்டாயம். இந்த வகைச் சான்றைப் பார்த்த பிறகே மின்சாரம், குடிநீர் இணைப்பும் வங்கிக் கடனும் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. “அப்ளை பண்ணியிருக்கோம், வந்துடும்” என்று பில்டர் சொன்னால், வந்த பிறகு மீதிப் பணம் தருகிறேன் என்று சொல்லுங்கள்.

புது ஃபிளாட் என்றால் ரெரா என்ன பாதுகாப்புத் தருகிறது?

ரெரா என்பது 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம். இதன்படி தமிழ்நாட்டுக்கான ஆணையம் சென்னை எழும்பூரில் இருக்கிறது. விளம்பரத்தில் உள்ள பதிவு எண்ணை ஆணையத்தின் இணையதளத்தில் போட்டால், திட்டத்தின் அனுமதி, வீடுகளின் எண்ணிக்கை, முடிக்க வேண்டிய தேதி எல்லாம் வரும். பில்டர் வாயால் சொன்ன தேதியையும் அங்கே எழுதிக் கொடுத்த தேதியையும் ஒப்பிடுங்கள்.

இந்தச் சட்டம் உங்களுக்குத் தரும் பாதுகாப்புகளில் மூன்றை மனதில் வையுங்கள். பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்கக் கூடாது. 80 லட்ச ரூபாய் வீடென்றால் 8 லட்சம்தான் உச்சம். இரண்டாவது, வாங்குபவர்களிடம் பெறும் பணத்தில் 70 சதவீதத்தை அந்தத் திட்டத்துக்கான தனிக் கணக்கில் போட்டு, அதன் நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமே செலவிட வேண்டும். மூன்றாவது, வீட்டை ஒப்படைத்து ஐந்து ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்து நீங்கள் சொன்னால், பில்டர் தன் செலவில் 30 நாளுக்குள் சரிசெய்ய வேண்டும்.

எங்கள் தெருவில் ஆறு வீடு மட்டும் கட்டுகிறார்கள், அதற்கும் ரெரா உண்டா?

நிலம் 500 சதுர மீட்டருக்குள்ளும் வீடுகள் எட்டுக்குள்ளும் இருந்தால் ரெரா பதிவு கட்டாயமில்லை. 500 சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ இரண்டேகால் கிரவுண்டு. மாம்பலத்திலோ நங்கநல்லூரிலோ ஒரு பழைய தனி வீட்டை இடித்துவிட்டு ஆறு ஃபிளாட் கட்டினால், பெரும்பாலும் இந்த வகையில்தான் வரும்.

இங்கே நில உரிமையாளரும் பில்டரும் போட்டுக்கொண்ட கூட்டு ஒப்பந்தத்தைக் கட்டாயம் படியுங்கள். எந்தெந்த வீடு உரிமையாளருக்கு, எது எது பில்டருக்கு என்று அதில் இருக்கும். உங்களுக்கு விற்கப்படும் வீடு, விற்பவரின் பங்கில்தான் இருக்கிறதா? உரிமையாளரின் பங்கில் உள்ள வீட்டுக்குப் பில்டர் அட்வான்ஸ் வாங்கிவிட்டால், நடுவில் மாட்டிக்கொள்வது நீங்கள்.

1,200 சதுர அடி என்கிறார்கள். வீட்டுக்குள் அவ்வளவு இருக்குமா?

இருக்காது. 1,200 என்பது பெரும்பாலும் சூப்பர் பில்ட்அப் ஏரியா (உங்கள் வீட்டோடு படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதை ஆகியவற்றில் உங்கள் பங்கையும் சேர்த்த அளவு). நீங்கள் புழங்கும் இடம் கார்பெட் ஏரியா (வெளிச்சுவரும் பால்கனியும் நீங்கலாக, உள்சுவர்களைச் சேர்த்த உள் அளவு). ரெரா சட்டப்படி புது வீட்டின் கார்பெட் ஏரியாவைப் பில்டர் சொல்லியே ஆக வேண்டும்.

விலையை இதை வைத்துக் கணக்குப் பாருங்கள். 1,200 சதுர அடி, 90 லட்சம் என்றால் சதுர அடி 7,500 ரூபாய். உள்ளே 900 தான் இருக்கிறது என்றால், நீங்கள் நடமாடும் ஒவ்வொரு சதுர அடிக்கும் 10,000 கொடுக்கிறீர்கள். இரண்டு வீடுகளை ஒப்பிடும்போது இந்த இரண்டாவது எண்ணை ஒப்பிடுங்கள். பழைய வீடென்றால் அளக்கும் டேப்போடு போங்கள்.

கார் நிறுத்த இடம்?

“பார்க்கிங் இருக்கு” என்ற பேச்சு போதாது. எந்த இடம், எத்தனை அடி, எந்த ஆவணத்தில் எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். திறந்தவெளிப் பார்க்கிங் சட்டப்படி பொது இடம். அதைத் தனியாக விலைபோட்டு விற்கப் பில்டருக்கு உரிமை இல்லை. நேரில் போய், உங்கள் காரை அங்கே நிறுத்தித் திருப்பியும் எடுத்துப் பாருங்கள். தூணுக்கும் பக்கத்துக் காருக்கும் நடுவே கதவைத் திறக்க முடியாத பார்க்கிங்குகள் நிறைய உண்டு.

கட்டடம் உறுதியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

2014 ஜூன் 28 அன்று போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில், கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து விழுந்தது. 61 பேர் இறந்தார்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். காகிதத்தைப் பார்ப்பதோடு மண்ணையும் தூணையும் பார்க்க வேண்டும் என்பதற்கு வேறு எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

புதுக் கட்டடமானால் மண் பரிசோதனை அறிக்கையையும் கட்டமைப்புப் பொறியாளரின் சான்றையும் கேளுங்கள். பழையதென்றால் நீங்களே ஒரு பொறியாளரை அழைத்துக்கொண்டு போங்கள். அவர் வாங்கும் கட்டணம் வீட்டு விலைக்கு முன் ஒன்றுமில்லை.

நீங்களும் பார்க்கக்கூடியவை உண்டு. தரைத்தளத் தூண்களில் சிமென்ட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறதா? குளியலறைக்குக் கீழ் வீட்டின் கூரையில் ஈரத்திட்டு இருக்கிறதா? மேல்மாடி வீடென்றால் மொட்டை மாடியில் தண்ணீர் தேங்குகிறதா? புதிதாக அடித்த பெயின்ட் பல குறைகளை மறைக்கும். ஆகவே அலமாரிக்கு உள்பக்கச் சுவரையும் சிங்க்குக்கு அடியையும் பாருங்கள்.

மழை வந்தால் இந்தத் தெரு என்ன ஆகும்?

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கமெல்லாம் தண்ணீர் நின்றதை அறிவீர்கள். ஆனால் ஒரே பகுதியில் ஒரு தெரு மூழ்கும், அடுத்த தெரு தப்பிக்கும். ஆகவே பகுதியின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள், தெருவை வைத்து முடிவு செய்யுங்கள்.

விற்பவரைவிட இஸ்திரி வண்டிக்காரரும் டீக்கடைக்காரரும் உண்மை சொல்வார்கள். “மிக்ஜாம் அப்போ தண்ணி எது வரைக்கும் வந்துச்சு, எத்தனை நாள் நின்னுச்சு, கரண்ட் எப்போ வந்துச்சு?” என்று கேளுங்கள். தரைத்தளத்தில் மின் மீட்டர்கள் எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். வெள்ளத்துக்குப் பிறகு மீட்டர் பலகையை மேலே தூக்கி வைத்திருந்தால், பழைய பலகை இருந்த தடம் சுவரில் தெரியும். உங்கள் வீடு மூன்றாம் மாடியில் இருந்தாலும் காரும் ஜெனரேட்டரும் மோட்டாரும் கீழேதான் இருக்கின்றன.

குடிநீர்?

2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, ஊரே தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தது. மெட்ரோ வாட்டர் இணைப்பு இருக்கிறதா, கழிவுநீர் இணைப்பு இருக்கிறதா, ஆழ்குழாய்க் கிணறு எத்தனை அடி, தண்ணீர் உப்பா என்று கேளுங்கள். குழாயைத் திறந்து வாயில் ஊற்றிப் பாருங்கள்.

இன்னும் நிச்சயமாகத் தெரிய வேண்டுமா? குடியிருப்போர் சங்கத்திடம் ஏப்ரல், மே மாத லாரித் தண்ணீர்ச் செலவுக் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். அந்த இரண்டு மாதப் பில் சொல்வதை வேறு யாரும் சொல்லமாட்டார்கள்.

சங்கத்தில் வேறு என்ன கேட்க வேண்டும்?

மாதப் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு, பொது நிதியில் எவ்வளவு இருக்கிறது, லிஃப்ட் மாற்றுவது பெயின்ட் அடிப்பது போன்ற பெரிய செலவு ஏதாவது முடிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். நீங்கள் குடிபோன அடுத்த மாதமே வீட்டுக்கு ஒரு லட்சம் என்று கேட்டால் அதிர்ச்சியாக இருக்கும். விற்பவர் பாக்கி வைக்கவில்லை என்று சங்கத்திடம் எழுதி வாங்குங்கள்.

பழைய கட்டடமென்றால், இடித்துக் கட்டும் பேச்சு நடக்கிறதா என்றும் கேளுங்கள். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022-ன்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானத்துக்கு வழி உண்டு. அதாவது, நீங்கள் ஆசையாக மாற்றியமைத்த சமையலறை சில ஆண்டுகளில் இடிபடலாம்.

வங்கி கடன் தருகிறதே, அதுவே போதாதா?

வங்கியின் வழக்கறிஞர் வங்கியின் பணத்துக்குக் காவல். அவருடைய ஒப்புதல் நல்ல அறிகுறிதான். ஆனால் வங்கிக்கு உங்கள் சம்பளமும் ஈடு. சொத்தில் சிக்கல் வந்தாலும் தவணையை நீங்கள் கட்டித்தான் ஆக வேண்டும். அதனால் பில்டரும் தரகரும் சொல்லாத, நீங்களே தேடிப் பிடித்த ஒரு வழக்கறிஞரிடம் சட்டக் கருத்தை எழுத்தில் வாங்குங்கள்.

கையில் எவ்வளவு பணம் வேண்டும்?

மறுவிற்பனை ஃபிளாட் 80 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு வங்கி சொத்து மதிப்பில் 80 சதவீதம் வரைதான் தரலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆக, கடன் 64 லட்சம், உங்கள் கைப்பணம் 16 லட்சம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் சேர்த்து 7 லட்சத்து 20 ஆயிரம். இந்தத் தொகைக்கு வங்கிக் கடன் வராது. கைப்பணமும் இதுவும் சேர்ந்தே 23 லட்சத்து 20 ஆயிரம். தரகு, வழக்கறிஞர், சொத்து வரி மற்றும் மின் இணைப்புப் பெயர் மாற்றம் எல்லாம் தனி.

வழிகாட்டி மதிப்பு (அரசு அந்தத் தெருவுக்கு நிர்ணயித்த குறைந்தபட்ச மதிப்பு) விலையைவிட அதிகமாக இருந்தால், கட்டணம் அதன் மேல்தான். புது ஃபிளாட்டின் முதல் விற்பனைக்கு 2023 டிசம்பர் முதல் சலுகை உண்டு. 50 லட்சம் வரை மொத்தம் 6 சதவீதம், 3 கோடி வரை 7 சதவீதம். விகிதங்கள் மாறக்கூடியவை என்பதால் பதிவுக்கு முன் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட்டுக்குப் பொதுவாக 5 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. பணி நிறைவுச் சான்று வந்த பிறகு வாங்கினால் அது இல்லை. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், விற்பவருக்குத் தரும் பணத்தில் 1 சதவீதம் பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்டுவது உங்கள் பொறுப்பு. மறந்தால் வட்டியும் அபராதமும் உங்கள் தலையில். விற்பவர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் பிடித்தம் இன்னும் அதிகம். ஆடிட்டரைக் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

“கொஞ்சம் வெள்ளை, கொஞ்சம் கறுப்பு” என்றால்?

வேண்டாம் என்று சொல்லுங்கள். சொத்துப் பரிமாற்றத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதைச் சட்டம் தடை செய்கிறது. ரொக்கமாகக் கொடுத்ததற்கு உங்களிடம் சாட்சி இருக்காது. பேரம் முறிந்தால் திரும்பக் கேட்க முடியாது. பிற்காலத்தில் நீங்கள் விற்கும்போது, வாங்கிய விலை குறைவாகக் காட்டப்பட்டிருப்பதால் லாபம் பெரிதாகத் தெரிந்து வரியும் கூடும்.

எல்லாம் சரியாக இருக்கிறது. அட்வான்ஸ் எப்படிக் கொடுப்பது?

வங்கி வழியாகக் கொடுங்கள். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். அதில் விலை, நிலப் பங்கின் அளவு, கார்பெட் ஏரியா, பார்க்கிங் எண், கிரயம் முடிக்கும் தேதி, வீட்டைக் காலி செய்து தரும் தேதி எல்லாம் இருக்கட்டும். உரிமையில் குறை தெரியவந்தாலோ வங்கி சொத்தைக் காரணம் காட்டிக் கடனை மறுத்தாலோ முழு அட்வான்ஸையும் இத்தனை நாளில் திருப்பித் தர வேண்டும் என்ற வரி கட்டாயம் இருக்க வேண்டும். கிரயத்தன்று காலையில் வில்லங்கத்தை மறுபடி ஒருமுறை பாருங்கள்.

விற்பவர் நேர்மையானவர் என்றால் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படமாட்டார், காகிதத்தை எடுத்து வந்து மேசையில் வைப்பார். “நம்பிக்கை இல்லையா?” என்று கேட்டு அவசரப்படுத்துகிறவரிடம், எவ்வளவு அழகான வீடாக இருந்தாலும், வாங்காதீர்கள். சென்னையில் நாளைக்கு இன்னொரு ஃபிளாட் கிடைக்கும். சிக்கலான சொத்தில் போட்ட உங்கள் சேமிப்பு அவ்வளவு எளிதில் திரும்பாது. இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு காகிதத்தையும் கண்ணால் பாருங்கள், பிறகு டோக்கன் போடுங்கள்.